மஞ்சப்பையும் டிரங்குப் பெட்டியும்

வன்னியம்பட்டி விலக்கில் நிற்கிறவன் எந்தப் பஸ்ஸுக்கும் கை காட்டலாம். தெற்கே போனால் ராஜபாளையம், வடக்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டுக்கும் நடுவே மொத்தமே 12 கிலோமீட்டர் சொச்சம். மேற்கில் மலை நீளமாகப் படுத்துக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், "ரெண்டு டவுனுக்கும் நடுவுல கொடுத்துவச்ச ஊருங்க" என்பார்கள். என் தாய்மாமாவிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது.

"பக்கம்தான் மாப்ள, யாரு இல்லன்னா? ஆனா ரெண்டு ஊருக்கும் நாமதான் போகணும். ரெண்டு ஊரும் நம்மகிட்ட வராதுல்ல."

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து ராஜபாளையத்தில் இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, பஸ் பிடித்து நான் விலக்குக்கு வந்தபோது, மாமா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முன்னாலேயே நின்றிருந்தார். கக்கத்தில் மஞ்சப்பை. "வீட்டுக்குப் போய் ஒரு குளியலைப் போட்டுட்டு ஓடியா. பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், ரெண்டு மணிக்கு விருதுநகர்." விருதுநகரை அன்று விடியற்காலைதான் ரயிலில் தூங்கியபடியே தாண்டி வந்திருந்தேன். சிவகாசியையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும்கூட அப்படித்தான். இனி அதே ஊர்களை விழித்துக்கொண்டு திரும்பத் தாண்ட வேண்டும்.

மாமாவின் விவகாரம் நாலு வரியில் அடங்கும். பாட்டனார் நிலம், ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, தென்னையும் நாலு மாமரமும். பாகப் பிரிவினை வழக்கில் தீர்ப்பு மாமா பக்கம். பட்டா மட்டும் இன்னும் பங்காளி பெயரில். தீர்ப்பின் நகல் வேண்டுமா, மாவட்ட நீதிமன்றம் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர். பட்டா மேல்முறையீடா, கோட்ட அலுவலகம் சிவகாசியில். அதற்கும் மேலே என்றால் கலெக்டர் அலுவலகம், விருதுநகர். அதற்கும் மேலே மதுரை. இதையெல்லாம் எம்.பி.யிடம் முறையிடலாம் என்று பார்த்தால், ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்திருக்கிற மக்களவைத் தொகுதிக்குப் பெயர் தென்காசி. அது வேறு மாவட்டம். ஒரு ஏக்கர் தோப்பு, ஐந்து ஊர்.

எனக்கும் அன்று ஒரு விவகாரம் இருந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் இரண்டு நகரங்களில் நடக்கும் கூத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். குறிப்புகள் தோள்பையில். மாமா வீட்டில் இரண்டு நாள் தங்கி, மாமரத்தடியில் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்ற நினைப்பு. பஸ்ஸில் அவர் கேட்டார், நானும் சொன்னேன்.

மாதம் ஒருமுறை, நாலு நாள் கூட்டத்துக்காக, அந்த நாடாளுமன்றம் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸிலிருந்து பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு மூட்டை கட்டுகிறது. தூரம் 400 கிலோமீட்டருக்கு மேல். குழுக் கூட்டங்கள், கட்சிக் கூட்டங்கள், அன்றாட வேலை எல்லாம் பிரஸ்ஸல்ஸில். ஆண்டுக்கு 12 முழுக்கூட்டங்கள் மட்டும் ஸ்ட்ராஸ்பர்க்கில். இது போதாதென்று, தலைமைச் செயலகம் சட்டப்படி மூன்றாவதாக லக்ஸம்பர்க்கில். ஒவ்வோர் உறுப்பினரின் அறை வாசலிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். கோப்புகளை அதில் அடுக்கி வைத்துவிட்டால் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். நாலு நாள் கழித்து அதே பெட்டி அதே வாசலுக்குத் திரும்பும். உறுப்பினர்கள் இப்போது 720 பேர். உதவியாளர்கள், அதிகாரிகள், மொழிபெயர்ப்பாளர்கள் தனி.

மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பெட்டிக்கு லக்கேஜ் சார்ஜ் யாரு கட்டுறது?"

"ஜனங்க வரிப்பணம்தான் மாமா."

"அப்ப சரி" என்று மடியில் இருந்த மஞ்சப்பையை ஒரு தட்டுத் தட்டினார். "இதுக்கு நாமதான்."

அந்தப் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்தது. மணமக்கள் பெயர் பாதி அழிந்திருந்தது. உள்ளே பாலித்தீன் கவரில் சுற்றிய மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கிராமக் கணக்கு நகல், எல்லாவற்றிலும் மூன்று மூன்று ஜெராக்ஸ். மேலாக ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் மாமா பஞ்சாலையில் ஷிப்ட் கணக்கு எழுதிய அதே கட்டம் கட்டிய எழுத்து: தேதி, ஊர், பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ், வக்கீல். கடைசியாக ஒரு பத்தி. அதற்குத் தலைப்பு 'லீவு'. ஆலையில் வேலை பார்த்த காலத்தில் வழக்குக்காகப் போட்ட ஒவ்வொரு லீவுக்கும் அதில் ஒரு கோடு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பத்தியை அவர் நிறுத்தவில்லை. "இப்ப எதுக்கு மாமா கோடு?" என்றேன். "ஒரு நாள் போகுதுல்ல?" என்றார்.

*

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் முதலில் கண்ணில் படுவது கோபுரம்தான். வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம், 11 நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். மதுரைப் பக்கம் போய் இதைச் சொன்னால், அது மீனாட்சியம்மன் கோயில் மேலக் கோபுரம் என்று ஒரு கட்சி சண்டைக்கு வரும். ஒரு முத்திரைக்குள் நிற்கிற கோபுரத்துக்கே இரண்டு ஊர் பாத்தியதை கொண்டாடும்போது, ஒரு நாடாளுமன்றத்துக்கு இரண்டு நகரம் அடித்துக்கொள்வதில் என்ன அதிசயம்?

ஸ்ட்ராஸ்பர்க் கதையும் பாத்தியதைக் கதைதான். 1871 முதல் 1945 வரைக்குள் அந்த ஊர் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் இடையே நாலு தடவை கைமாறியது. போர் முடிந்த பின், இனிமேல் அடித்துக்கொள்ள மாட்டோம் என்பதற்குச் சாட்சியாக அங்கே ஐரோப்பிய அமைப்புகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு வேலை பிரஸ்ஸல்ஸில் வளர்ந்தது, மரியாதை ஸ்ட்ராஸ்பர்க்கில் நின்றது. 1992இல் எடின்பரோ மாநாட்டில் இந்த ஏற்பாட்டை எழுத்தில் போட்டார்கள். 1997இல் ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்தில் அது சட்டமாகவே ஏறியது. அதை மாற்ற எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிரான்ஸ் ஒத்துக்கொள்ளாது. 2006இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே ஊர் போதும் என்று கையெழுத்துப் போட்டார்கள். 2013 நவம்பரில் அந்த மன்றமே, எங்கே உட்காருவது என்பதை நாங்களே முடிவு செய்கிறோம் என்று 483க்கு 141 வாக்கில் தீர்மானம் போட்டது. ஒன்றும் நகரவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்குத் தன் நாற்காலியை எங்கே போடுவது என்று சொல்லும் அதிகாரம் கிடையாது.

செலவு எவ்வளவு? ஐரோப்பியத் தணிக்கையாளர் மன்றம் 2014இல் கணக்குப் பார்த்துச் சொன்னது: ஸ்ட்ராஸ்பர்க்கை விட்டு முழுதாகப் பிரஸ்ஸல்ஸுக்கு வந்துவிட்டால் ஆண்டுக்கு 11 கோடியே 40 லட்சம் யூரோ மிச்சம். நம் காசில் ஆயிரம் கோடி ரூபாய்க்குக் குறையாது. 2008 ஆகஸ்டில் ஸ்ட்ராஸ்பர்க் மன்றத்தின் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விடுமுறைக் காலம், உள்ளே ஒருவரும் இல்லை. அந்த இலையுதிர் காலத்தில் சில கூட்டங்களைப் பிரஸ்ஸல்ஸிலேயே நடத்தினார்கள். உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. கூரையைச் சரி செய்ததும் டிரங்குப் பெட்டிகள் பழையபடி கிளம்பின.

நீதிமன்ற வளாகத்தில் நகல் வாங்க மாமா போனபோது, நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். மரத்தைச் சுற்றி எத்தனை மஞ்சப்பைகள்! வத்திராயிருப்புப் பக்கம், சாத்தூர்ப் பக்கம், அருப்புக்கோட்டைப் பக்கம் என்று மாவட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்த பைகள். ஆட்சி விருதுநகரில், நீதி ஸ்ரீவில்லிபுத்தூரில். அருப்புக்கோட்டைக்காரருக்கு இது எரிச்சல், வன்னியம்பட்டிக்காரருக்கு வரம். பிரஸ்ஸல்ஸ், ஸ்ட்ராஸ்பர்க் என்று நான் குறிப்பெடுத்து வைத்திருந்த எல்லாமே இந்த மரத்தடியில் சின்ன அளவில் நடந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே மன்றம் அலைகிறது, இங்கே ஜனம் அலைகிறது.

நகல் கிடைத்துவிட்டது. மாமா அதை நெற்றிக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுப் பாலித்தீன் கவரில் நுழைத்தார். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பால்கோவா வாங்கி, மந்தாரை இலையில் வைத்துக் கொடுக்கவில்லையே என்று மாமா ஒரு குறை சொல்ல, அதைத் தின்றபடி தேரடி வரை நடந்தோம்.

"நீ சொன்ன பெட்டி மாதிரிதான் மாப்ள, நம்ம ஊர்லயும் ஒண்ணு போகுது" என்றார். "ஆண்டாள் மாலை."

புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இங்கிருந்து போகிறது. சித்திரையில் மதுரைக்கு, ஆற்றில் இறங்கும் கள்ளழகருக்கு. நூற்றுக்கணக்கான மைல் தாண்டி ஒரு மாலை போவதற்கு என்ன செலவு என்று எந்தத் தணிக்கையாளரும் கேட்டதில்லை. போகிற ஊரில் அதற்காகக் காத்திருக்கிறார்கள், அதனால் கேட்கத் தோன்றவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கின் பெட்டியும் ஒரு காலத்தில் இப்படி மாலையாகத்தான் கிளம்பியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு சண்டைக்கார வீடுகளுக்கிடையே போன சீர்வரிசை.

"ஆனா ஒண்ணு பாத்துக்க" என்று மாமா காகிதத்தைச் சுருட்டினார். "மாலைதான் போகுது. கோயில் போகல."

*

விருதுநகருக்குச் சிவகாசி வழி பஸ். சிவகாசியில் பாதிக் கூட்டம் இறங்கி அதைவிட அதிகமாக ஏறியது. திங்கட்கிழமை. கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். ஏறியவர்களில் பலர் கையில் மனு. பக்கத்து இருக்கை அம்மா மகளிடம், "ஆதார் ஜெராக்ஸ் எடுத்தியாடி" என்று மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோயிலையே தூக்கிக்கொண்டு போன கதை இந்தியாவில் உண்டு. ஜம்மு காஷ்மீரின் 'தர்பார் மூவ்'. 1872இல் மகாராஜா ரண்பீர் சிங் தொடங்கி வைத்தது. கோடையில் ஆறு மாதம் ஸ்ரீநகர், குளிரில் ஆறு மாதம் ஜம்மு. ராஜா போனார், ராஜ்யம் போனது, தர்பார் மட்டும் போகவில்லை. கோப்புகளை டிரங்குப் பெட்டிகளில் கட்டி லாரிகளில் ஏற்றி, சுமார் 10,000 ஊழியர்கள் ஆண்டுக்கு இரண்டு தடவை மலைப்பாதையில் ஏறி இறங்கினார்கள். 2020 மே மாதத்தில் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் இதைத் துருவி எடுத்தது. ஆண்டுக்கு 200 கோடி ரூபாய் செலவு, சட்ட அடிப்படை எதுவும் கிடையாது என்று எழுதியது. 2021இல் மின்னணுக் கோப்பு வந்துவிட்டது என்று சொல்லி நிறுத்தினார்கள். உடனே சத்தம் கிளம்பியது, ஜம்மு கடைவீதியிலிருந்து. குளிர்காலத்தில் காஷ்மீர்க் குடும்பங்கள் வராததால் வியாபாரம் படுத்துவிட்டது என்றார்கள் கடைக்காரர்கள். தேர்தலில் வென்று வந்த அரசு 2025இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. நவம்பரில் ஜம்முவில் செயலகம் மறுபடி திறந்தது. 200 கோடி என்பது அரசுக் கணக்கில் செலவு. ஜம்மு கடைக்காரர் கணக்கில் அது வரவு.

மகாராஷ்டிரம் இன்னொரு மாதிரி. விதர்ப்பா மக்கள் மும்பையோடு சேரத் தயங்கினார்கள். 1953 நாகபுரி ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு ஒரு கூட்டத்தொடராவது நாகபுரியில் நடக்கும் என்று வாக்குக் கொடுத்து அழைத்துக்கொண்டார்கள். 1960இல் மாநிலம் பிறந்தது முதல் குளிர்காலக் கூட்டம் பெரும்பாலும் அங்கேதான். தலைநகராக இருந்து அந்தப் பட்டத்தை இழந்த ஊருக்கு ஆண்டுக்குச் சில நாள் பட்டம். அந்தச் சில நாளும் நாகபுரித் தெருக்கள் ஊர்வலங்களால் நிறையும். ஆசிரியர், விவசாயி, அங்கன்வாடி ஊழியர் என்று ஆளாளுக்குக் கொடி பிடித்து வருவார்கள். மும்பைக்குப் போய்ச் சொல்ல முடியாதவர்கள் வீட்டு வாசலுக்கே மந்திரிகள் வந்தால் விடுவார்களா? 2018இல் வழக்கத்துக்கு மாறாக மழைக்காலக் கூட்டத்தை அங்கே வைத்தார்கள். மழைநீர் மின்சார அறைக்குள் புகுந்து, விளக்கு அணைந்து, அவை ஒத்திவைக்கப்பட்டது.

பெலகாவியில் கர்நாடகம் கட்டியது முழுக்க அரசியல். அந்த ஊர் எங்களுடையது என்று மகாராஷ்டிரம் கேட்டுக்கொண்டே இருந்தது. 2006இல் கர்நாடகம் அங்கே சட்டமன்றத்தைக் கூட்டியது. 2012 அக்டோபரில் சுவர்ண விதான சௌதா என்று கோட்டை போல ஒரு கட்டடத்தைத் திறந்தது. குளிர்காலத்தில் சில நாள் கூட்டம். மற்ற நாளெல்லாம் காவலாளியும் பெருக்குகிறவர்களும். 2022இல் அங்கே வேலை பார்த்த ஓர் அம்மா, அவ்வளவு பெரிய முற்றம் வெயிலில் சும்மா கிடக்கிறதே என்று சேமியாவும் அப்பளமும் காயப் போட்டார். படம் வெளியே வந்து பெரிய ரகளையாகி, வேலையை விட்டு நிறுத்தி, பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இதைச் சொன்னதும் மாமா சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். "அந்தம்மா ஒருத்திதான் மாப்ள அந்தக் கட்டடத்த உபயோகப்படுத்திருக்கா."

இந்திய நாடாளுமன்றமே ஒரு காலத்தில் இரண்டு ஊரில் நடந்தது பலருக்கு நினைவிருக்காது. வெள்ளைக்காரன் காலத்து மத்திய சட்டசபை குளிரில் டெல்லியிலும் கோடை முடிகிற சமயம் சிம்லாவிலும் கூடியது. சிம்லாவில் அதற்கென்று 1925இல் ஒரு மன்றமும் கட்டினார்கள். கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் அந்தச் சபைக்குத் தலைவராக இருந்திருக்கிறார். இன்று அந்தக் கட்டடம் இமாச்சலப் பிரதேசச் சட்டமன்றம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமன்றமும் குளிர்காலத்தில் தரம்சாலாவுக்கு மூட்டை கட்டுகிறது.

வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து ஓடினான். அதே ஏற்பாட்டை வேறு காரணத்துக்காகத் திரும்பக் கேட்டவர் அம்பேத்கர். 1955இல் வெளிவந்த மொழிவாரி மாநிலங்கள் பற்றிய தம் நூலில், இந்தியாவுக்கு இரண்டாவது தலைநகராக ஐதராபாத்தைச் சொன்னார். டெல்லி தெற்கத்தியருக்கு மிகத் தூரம், அங்குள்ள குளிர் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, எல்லைக்கு அருகில் இருப்பதால் போர்க்காலத்தில் ஆபத்து, இரண்டாவது தலைநகர் வந்தால் வடக்குக்கும் தெற்குக்கும் இருக்கும் மனத்தாங்கல் குறையும் என்பது அவர் வாதம். எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. செகந்திராபாத்தில் குடியரசுத் தலைவர் வந்து தங்கிப் போக ஒரு மாளிகை உண்டு. அவ்வளவுதான். மாலை வருகிறது.

*

கலெக்டர் அலுவலகம் விருதுநகர் ஊருக்குச் சற்று வெளியே. வாசலில் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். மஞ்சப்பைக்குள் கைவிட்ட காவலர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, சீட்டுக் கம்பெனி நடத்துறீகளா?" என்று கேட்டுச் சிரித்தார். மாமாவும் சிரித்தார்.

இந்த அலுவலகம் இங்கே வந்ததே 1985 மார்ச்சில்தான். அதுவரை இது ராமநாதபுரம் மாவட்டம். 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களில் இருந்து வெட்டி உண்டாக்கியது. அதன் கலெக்டர் உட்கார்ந்திருந்த ஊர் ராமநாதபுரமும் இல்லை, விருதுநகரும் இல்லை. மதுரை. பெயர் ஓர் ஊர், இருக்கை வேறு மாவட்டத்தில். மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோதுதான் எங்களுக்கென்று ஒரு கலெக்டர் வந்தார். "எங்கய்யா மதுரைக்குப் போவாக, கலெக்டர் ஆபீஸ்னு" என்றார் மாமா. "அங்கன போயும் ராமநாதபுரம் ஆபீஸ் எங்க இருக்குன்னு விசாரிக்கணும்."

விசாரணை நடந்தது. பெயர் கூப்பிட்டார்கள், உள்ளே போனார், நகலைக் கொடுத்தார், இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னார், வெளியே வந்தார். பங்காளி தரப்பும் வந்து போனது. அதிகாரி தன்மையாகவே பேசினாராம். கைக்கடிகாரத்தில் பார்த்தேன்: பதினோரு நிமிஷம். வீட்டை விட்டுக் கிளம்பி அப்போது ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. யார் மேலும் தப்புச் சொல்ல முடியாத நாள் அது. பஸ் நேரத்துக்கு வந்தது, நகல் கிடைத்தது, விசாரணை நடந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தும் பதினோரு நிமிஷ வேலைக்கு ஒரு முழு நாள்.

ஒரே தலைநகர் இருப்பதற்கான செலவை நாம் எங்கேயும் எழுதி வைப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது இருக்கைக்கு ஆகும் செலவு அரசின் ஏட்டில் தெரியும். தணிக்கையாளர் எடுத்துப் படிக்கலாம், எதிர்க்கட்சி கூச்சல் போடலாம், என்னைப் போன்றவர்கள் கட்டுரை எழுதலாம். ஒரே இருக்கை இருந்தால் ஆகும் செலவு லட்சக்கணக்கான மஞ்சப்பைகளில் சில்லறையாகச் சிதறிக் கிடக்கிறது. அது மிச்சம் என்று அரசு சொல்லிக்கொள்கிறது. செலவு ஒழிந்துபோகவில்லை, பை மாறியிருக்கிறது. ஆகவே இன்னொரு நகரத்துக்கு ஒரு மன்றத்தையோ செயலகத்தையோ கொண்டுபோகும்போது எத்தனை கோடி என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். அது யாருடைய பயணத்தைக் குறைத்தது என்பது மீதி.

அப்படிக் கேட்டால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஸ்ட்ராஸ்பர்க் எந்தக் குடிமகனின் பயணத்தையும் குறைக்கவில்லை. தர்பார் மூவ் பாதிப் பேருக்குப் பாதி ஆண்டு குறைத்தது, அடுத்த பாதியில் அதே அளவு கூட்டியது. நாகபுரி ஊர்வலம் போகிறவர்களின் ரயில் கட்டணத்தை மிச்சப்படுத்தியது. பெலகாவி சேமியா காய வைத்தது.

விருதுநகருக்கு வந்துவிட்டுக் காமராஜர் பிறந்த வீட்டைப் பார்க்காமல் போகலாமா என்று மாமா இழுத்துக்கொண்டு போனார். சின்ன வீடு. இந்த ஒரு மாவட்டத்திலிருந்தே இரண்டு முதலமைச்சர்கள். 1949 முதல் 1952 வரை ராஜபாளையம் பி.எஸ். குமாரசாமி ராஜா. 1954 முதல் 1963 வரை காமராஜர். அவர் காலத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. 1959 ஏப்ரல் 20 முதல் 30 வரை சென்னை மாநிலச் சட்டமன்றம் ஊட்டியில் அரண்மூர் மாளிகையில் கூடியது. இப்போது அதற்குத் 'தமிழகம்' என்று பெயர். சித்திரை வெயிலில் விருதுநகர் எப்படிக் காயும் என்று தெரிந்த ஒருவர் ஊட்டியில் உட்கார்ந்து ஆட்சி நடத்திய பதினோரு நாள்கள். வெள்ளைக்கார கவர்னர்கள் ஆண்டுதோறும் கோடையில் மாதக்கணக்கில் அங்கே போய் உட்கார்ந்து ஆண்டார்கள். நம் சட்டமன்றத்துக்கு அந்த ஒரு தடவையோடு சரி.

தலைநகரையே தெற்கே நகர்த்தலாம் என்று 1980களின் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். நினைத்தார். திருச்சி, மாநிலத்தின் நடு. எதிர்ப்புக் கிளம்பியது, திட்டம் அப்படியே அமுங்கிவிட்டது. வந்திருந்தால் பொதிகையில் நான் பாதி ராத்திரி தூங்கினால் போதும். அதற்குப் பின் 2010இல் சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் புதுச் சட்டமன்றம் கட்டித் திறந்தோம். 2011இல் ஆட்சி மாறியதும் மன்றம் கோட்டைக்கே திரும்பியது. கட்டடம் பின்னர் பல்நோக்கு மருத்துவமனை ஆனது. இரண்டு நகரங்களுக்கு இடையே அலையும் மன்றத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அவ்வளவு தைரியம் வரவில்லை. ஒரே நகரத்துக்குள், நடந்து போகிற தூரத்தில் இரண்டு மன்றம் கட்டிப் பார்த்தவர்கள் நாம்.

*

இருட்டுகிற நேரத்தில் விலக்கில் இறங்கினோம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாமா நோட்டை எடுத்தார். தேதி போட்டார். ஊர் என்ற கட்டத்தில் 'ஸ்ரீவி, விருது' என்று எழுதினார். பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ். பால்கோவாவுக்குத் தனிக் கட்டம் இல்லாததால் அதையும் சாப்பாட்டில் சேர்த்தார். லீவு பத்தியில் ஒரு கோடு.

"அந்த வெளிநாட்டு ஆபீசர்மாரு பெட்டிக் கணக்குப் பாத்த மாதிரி இத யாராச்சும் தணிக்கை பண்ணுவாகளா?"

"நான் பண்றேன் மாமா, குடுங்க" என்று வாங்கிப் புரட்டினேன். ஒன்பது ஆண்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டங்கள் போட்டு 'மதுரை' என்று தலைப்பு எழுதி வெறுமையாக விட்டிருந்தார். "இவங்க உத்தரவு நமக்கு எதிரா வந்தா அங்கதான் போகணும். எடம் விட்டு வச்சிருக்கேன்."

பிறகு உள்ளே போய் இன்னொரு நோட்டைக் கொண்டுவந்தார். பாட்டனாருடையது. ஓரங்கள் கறையான் அரித்துப் பழுப்பேறிப் போயிருந்தது. அதே நிலத்துக்கு, அதற்கு முந்தைய ஒரு வழக்கு. உயர் நீதிமன்றம் வரை போனது, 1990களில். அப்போது உயர் நீதிமன்றம் என்றால் சென்னை ஒன்றுதான். தென்மாவட்டத்து வக்கீல்கள் கிளை வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடினார்கள். சென்னை வக்கீல்கள் கூடாது என்றார்கள். 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறந்தது. ஒரு நீதிமன்றத்தை இரண்டு நகரங்களில் வைத்துக்கொள்வது வீண்செலவு என்று வாதாட அன்றைக்கும் ஆள் இருந்தது.

பாட்டனார் நோட்டில் 'மெட்ராஸ்' என்று தலைப்பிட்ட பக்கத்தில் ஒன்பது கட்டங்கள். ரயில், ஆட்டோ, எழும்பூர் லாட்ஜ், இரண்டாம் நாள் லாட்ஜ், காப்பி, வக்கீல் குமாஸ்தா என்று வரிசையாகப் போனது. ஒரு பயணத்துக்கு மூன்று, நாலு நாள்.

மாமா நோட்டின் மதுரைப் பக்கத்தை அதன் அருகில் வைத்துப் பார்த்தேன். நாலே கட்டம். பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ், வக்கீல். லாட்ஜ் என்ற கட்டத்தை அவர் போடவே இல்லை.